பெரியப்பாவின் பல்லும் கிளாரினெட்டின் வாயும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆபீஸில் ஆணி அதிகம் என்ற வழக்கமான பொய்யை இந்த முறை சொல்லப் போவதில்லை. நிஜமான காரணம் மூணரை இன்ச் நீளமுள்ள ஒரு கறுப்பு ரப்பர் துண்டு.

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு எழுபத்தியொரு வயசு. நாகஸ்வரக் குடும்பம். பதினாறு வயசு வரை நாகஸ்வரம் ஊதிவிட்டு, அப்புறம் கிளாரினெட்டுக்கு மாறினவர். கல்யாணம், கோயில், பேண்டு செட்டு, நாட்டியக் கச்சேரி என்று ஐம்பத்தைந்து வருஷமாக அதே வாத்தியம், அதே மவுத்பீஸ். அதில் பொறித்திருந்த கம்பெனி பேர்கூட எப்போதோ அழிந்துவிட்டது.

போன ஐப்பசியில் அவருக்கு மேல் வரிசைப் பல்லை முழுக்க எடுத்துவிட்டு பல் செட்டு போட்டார்கள். ஒரு மாசம் கழித்து போன்.

"டேய், மவுத்பீஸ் தேஞ்சு போச்சுடா. ஸ்ருதி நிக்க மாட்டேங்குது, காத்து சைடுல போவுது. நல்லதா ஒண்ணு பாத்து வாங்கிட்டு வா. பங்குனி உத்திரத்துக்கு வாசிக்கணும்."

மவுத்பீஸ்தானே, மெட்ராஸ் போனால் ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசத்தில் முந்நூறு வருஷத்துக் கதை ஒன்றும் தெரியவந்தது. அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். சங்கீத ஞானஸ்தர்கள் தப்பு இருந்தால் தலையில் குட்டலாம்.

முதலில், தெரியாதவர்களுக்காக கொஞ்சம் பாடம். கிளாரினெட்டில் வாயில் வைக்கும் பகுதி கிளியின் மூக்கு மாதிரி சரிவாக இருக்கும். அதன் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டு, நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு. அந்தத் திறப்பை மூடுகிற மாதிரி நாணல் ரீட் ஒன்றை வைத்து, ஒரு கவ்வியால் இறுக்குவார்கள். நுனியில் மட்டும் ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். அதில்தான் காற்று நுழையும், ரீட் அதிரும். இந்த இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர். கொஞ்சம் அதிகமானால் ஊத தம் வேண்டும், உதட்டில் பலம் வேண்டும், மெல்லிய ரீட் வேண்டும். குறைந்தால் தடித்த ரீட் போட்டுக்கொள்ளலாம், ஸ்வரம் ஆடாமல் நிற்கும்.

இதில் முக்கியமான விஷயம், வாய் அந்த ரீடை எப்படிப் பிடிக்கிறது என்பது. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் ரீடைக் கீழ்ப்பக்கம் வைத்து, கீழுதட்டைக் கீழ்ப்பல்லின் மேல் மடித்து அதில் ரீடைத் தாங்குகிறார்கள். மேல்பல் நேரடியாக மவுத்பீஸின் முதுகில் உட்காரும். பெரியப்பாவும் அப்படித்தான். பழைய மவுத்பீஸைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ரெண்டு பல் தடம் பள்ளமாகவே விழுந்திருக்கிறது, அம்மிக்கல் தேய்ந்த மாதிரி.

இப்போ பிரச்சினை புரிகிறதா? அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்த ரெண்டு பல்லும் இப்போது இல்லை. பல் செட்டு முன்பக்கம் அழுத்தம் வந்தால் பின்பக்கம் கழன்று இறங்குகிறது. அது இறங்கினதும் தாடை பதறுகிறது, உதடு இறுகுகிறது, ஸ்ருதி ஏறுகிறது. தேய்ந்தது மவுத்பீஸ் மட்டும் இல்லை என்று பெரியப்பாவுக்கு உள்ளுக்குள் தெரியும். சொல்ல மனசு வரவில்லை. நானும் சொல்லவில்லை.

நிற்க. கதைக்குப் போவோம்.

கிளாரினெட்டை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜெர்மனியின் நூரம்பெர்க் ஊரைச் சேர்ந்த யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர். காலம் 1700ஐ ஒட்டி. மவுத்பீஸ் அப்போது மரம்தான். ரீடை நூலால் சுற்றிக் கட்டுவார்கள். நான் வாயைப் பிளந்த இடம் அடுத்தது: அந்தக் காலத்தில் பெரும்பாலும் ரீடை மேல்பக்கம் வைத்துதான் ஊதினார்கள்! அதாவது இன்றைய மவுத்பீஸை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். ரீடைத் தொடுவது மேலுதடு.

இதைத் திருப்பிப் போட்டது ஒரே நாளில் நடக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் முதலில் மாறினார்கள். இவான் முல்லர் என்பவர் 1812ல் தன் 13 கீ கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் கன்சர்வேட்டரிக்குப் போனார். அதை ஆராய்ந்த குழு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. இதே முல்லர்தான் ரீடைக் கீழே வைக்க வேண்டும் என்றும் சொன்னவர். நூலுக்குப் பதில் திருகாணி வைத்த உலோகக் கவ்வியைக் கொண்டுவந்தவர் என்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். பாரிஸ் கன்சர்வேட்டரியில் ரீட் கீழே இறங்கியது 1831ல், ஃப்ரெடெரிக் பேர் என்பவர் அங்கே ஆசிரியரான பிறகு. இத்தாலிக்காரர்களில் பலர் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும்கூட மேலேயே வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள்.

புஸ்தகங்களில் இதை 'முன்னேற்றம்' என்று ரெண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. 1831ல் பாரிஸில் நாற்பத்தைந்து வயசில் ஒருத்தர் இருந்திருப்பார் இல்லையா? முப்பது வருஷமாக மேலுதட்டால் வாசித்தவர். திடீரென்று நாளையிலிருந்து கீழுதடு என்றால் அவர் என்ன செய்திருப்பார்? இத்தாலிக்காரர்கள் அடம்பிடித்தது வெறும் பழமைவாதம்தானா? கைக்கு வந்த வித்தை உதட்டில் இருக்கும்போது அதை விட்டுக்கொடுப்பது அவ்வளவு சுலபமா?

ரீட் கீழே வந்தபிறகும், பிரான்சில் ரொம்ப காலம் மேல்பல்லை மவுத்பீஸில் வைக்கவில்லை. மேலுதட்டையும் பல்லுக்கு மேல் மடித்துக்கொண்டு, ரெண்டு உதட்டுக்கும் நடுவில்தான் பிடித்தார்கள். பல் நேராக உட்காரும் பழக்கம் பரவினது பின்னால். ரெட்டை உதட்டுப் பிடி அதோடு செத்துப்போகவும் இல்லை. பாஸ்டன் சிம்ஃபனியில் 1970லிருந்து 1993 வரை முதன்மைக் கிளாரினெட் வாசித்த ஹரால்ட் ரைட் அப்படிப் பிடித்தவர்தான்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பல் வேண்டாத ஒரு பிடி இருக்கிறது! அதுவும் நாகஸ்வரத்தில் சீவாளியை எப்படிப் பிடிப்பார்கள்? ரெண்டு உதட்டாலும்தானே. பெரியப்பா பதினாறு வயசு வரை செய்தது அதைத்தானே!

ஆனால் எழுபத்தியொரு வயசில் ஒருத்தரிடம் போய் "வாசிப்பை மாத்திக்குங்க" என்று எப்படிச் சொல்வது? அதற்குத் துணைக்கு வந்தவர் பென்னி குட்மேன்.

குட்மேன் 1909ல் பிறந்த அமெரிக்கர். 'ஸ்விங் ராஜா' என்று பட்டம். 1938 ஜனவரி 16ல் கார்னகி ஹாலில் அவர் ஜாஸ் கச்சேரி செய்தது சரித்திரம். உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த கிளாரினெட்காரர் அன்றைக்கு அவர்தான். அந்த மனுஷன் 1949ல், நாற்பது வயசில், ரெஜினால்ட் கெல் என்ற ஆங்கிலேயரிடம் மாணவனாகப் போய்ச் சேர்ந்தார். முப்பது வருஷம் பல்லை வைத்து வாசித்தவர், ரெண்டு உதட்டுக்கும் மாறினார். விரல் போடும் முறையைக்கூட மாற்றிக்கொண்டார். விரலில் காய்த்துப்போயிருந்த தோலையும் எடுத்துவிட்டாராம். கிட்டத்தட்ட அரிச்சுவடியிலிருந்து.

எதுக்கு இந்த வேலை? ஜாஸில் கிடைத்த ஒலி மோட்சார்ட்டுக்கும் பிராம்ஸுக்கும் போதவில்லை என்று அவருக்கே தோன்றியதுதான் காரணம். அதற்கு விலையும் கொடுத்தார். பழைய துள்ளல் போச்சு என்று ஜாஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார்கள். 1950ல் அவர் முதன்முதலாக வாசித்த ஆரன் கோப்லாண்டின் கான்செர்டோவில், சில உச்ச ஸ்தாயி இடங்களை அவர் கேட்டுக்கொண்டதால் கோப்லாண்ட் மாற்றி எழுதிக்கொடுத்தார். குட்மேனுக்கே எட்டாத இடம் இருந்தது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் அவருக்குக் கூச்சம் இல்லை. எனக்கு இந்த விஷயம்தான் ரொம்பப் பிடித்தது.

சரி, பெரியப்பா மேட்டருக்கு வருவோம்.

மெட்ராஸில் சர்ச் இசைக்குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருத்தர் மூணு மவுத்பீஸை இரவல் கொடுத்தார். மூணுமே பிரான்சின் வாண்டோரன் தயாரிப்பு, 1905ல் ஆரம்பித்த கம்பெனி. பி45 என்பதில் நுனி இடைவெளி 1.195 மில்லிமீட்டர். எம்30ல் 1.15. 5ஆர்வி லைரில் 1.095. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒரு தலைமுடியின் கனம். இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்றேன். "ஊதச் சொல்லிப் பாரு, தெரியும்" என்றார் நண்பர்.

அவர் சொல்லி அனுப்பிய விதிகள் மூணு. ஒன்று, மவுத்பீஸை மாற்றும்போது வேறு எதையும் மாற்றாதே. அதே ரீட், அதே வாத்தியம், அதே அறை. ரெண்டு, முதல் அஞ்சு நிமிஷத்து அபிப்பிராயத்தை நம்பாதே. மூணு, வாசிப்பவர் காதை மட்டும் நம்பாதே. மண்டைக்குள் கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு.

ரெண்டாவது விதிக்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதுசு. எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில்தான் இன்றைக்கு மவுத்பீஸ் பெரும்பாலும் செய்கிறார்கள். 1851ல் நெல்சன் குட்இயர் காப்புரிமை வாங்கிய பொருள். மரம் எச்சில் பட்டுப் பட்டு வளையும், இது வளையாது. ஆனால் தேயும். தினமும் துணி விட்டு இழுத்து இழுத்து உள்ளே தேயும், ரீட் உட்காரும் விளிம்பும் தேயும். அது ஒரே நாளில் நடக்காததால் வாசிப்பவருக்குத் தெரியாது. அவர் வாயும் அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். ஐம்பது வருஷம் கழித்து அந்த மவுத்பீஸ் அவருக்கு மட்டுமே சரியாக இருக்கும். அதனால் அளவெடுத்துச் செய்த நல்ல மவுத்பீஸைக் கொடுத்தாலும் முதல் நாள் அது தப்பாகத்தான் படும்.

(போகிற போக்கில் ஒரு விஷயம்: எபோனைட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். நிறம் பழுப்பாகி கந்தக வாடை அடிக்கும். எங்கள் பெரியம்மா ஒரு தடவை ரசம் கரண்டியோடு சேர்த்துச் சுடுதண்ணியில் அலம்பிவிட்டார். பெரியப்பா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. :-))

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. கூடத்தில் பெரியப்பா, அடுக்களையில் பெரியம்மா. எந்த மவுத்பீஸ் என்று பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் கேட்ட காது அது, அதைவிட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்?

குட்மேன் கதையை முதலில் சொன்னேன். பெரியப்பா பேசாமல் கேட்டார். "நாப்பது வயசுல அவனுக்கே பல்லு இருந்துதா?" என்றார். இருந்தது என்றேன். "பல்லு இருக்கும்போதே மாத்திக்கிட்டானா... சரி." பல் செட்டைக் கழட்டி டம்ளரில் போட்டார். ரெண்டு உதட்டையும் மடித்தார், சீவாளி பிடிக்கிற மாதிரி.

5ஆர்வி லைர் முதலில். சத்தம் சுத்தமாக, வட்டமாக வந்தது. ஸ்ருதி நின்றது. உதடும் வலிக்கவில்லை. நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். பெரியப்பா முகத்தில் ஒன்றும் இல்லை. தோடி எடுத்தார். காந்தாரத்தில் நிறுத்தினார். மறுபடி எடுத்தார். மறுபடி நிறுத்தினார்.

"ஆட மாட்டேங்குதுடா."

தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை, ஊஞ்சல். கிளாரினெட்டில் அந்த ஆட்டம் விரலால் பாதி, உதட்டால் பாதி. 1924ல் ராஸ் கார்மன் என்பவர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' ஆரம்பத்தில் இருந்த ஸ்வர வரிசையை ஒத்திகையில் விளையாட்டாக வழுக்கிக் காட்டினாரே, அதுவும் இதே தொண்டை, உதடு வித்தைதான். அதற்கு ரீட் இளகிக் கொடுக்க வேண்டும். நுனி இடைவெளி கொஞ்சம் திறந்திருந்தால்தான் இளகும்.

அப்புறம் பி45. காந்தாரம் ஆடியது! பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் ஏழு நிமிஷம்தான். எட்டாவது நிமிஷத்தில் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது, காற்று பிசிறியது. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தார். யாரும் பேசவில்லை.

19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் தஞ்சைப் பக்கம் சதிருக்கு இந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தார் என்பார்கள். எங்கேயோ ஜெர்மனியில் வேறு சங்கீதத்துக்குச் செய்த குழல் அது. அதில் நம் கமகத்தை வரவழைக்க எத்தனை தலைமுறை உதடு பாடுபட்டிருக்கும்! திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனார் என்றால், டி.என். ராஜரத்தினம் பிள்ளையே அவருக்கு 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார். 2008ல் சங்கீத கலாநிதியும் 2022ல் பத்மஸ்ரீயும் வந்தன. பெரியப்பாவுக்குப் பட்டம் ஒன்றும் கிடையாது. அந்தக் காந்தாரம்தான் அவர் சம்பாத்தியம்.

சாயங்காலம் எம்30. திறப்பு ரெண்டுக்கும் நடுவில், ஆனால் ரீட் விலகி நிற்கும் சரிவு நீளமானது. அதனால் அமுக்கினால் கொஞ்சம் இணங்கும். மூணாம் நம்பர் ரீட் போய் ரெண்டரை வந்தது (இதுதான் ஒரே விதிமீறல், அதுவும் கடைசியில்). பல் செட்டையும் போட்டுக்கொண்டு, மவுத்பீஸ் முதுகில் மெல்லிய ரப்பர் ஒட்டு ஒன்று ஒட்டிப் பார்த்தோம். பல் செட்டோடு பத்து நிமிஷம், கழட்டிவிட்டு ரெண்டு உதட்டில் பத்து நிமிஷம். பல் பிடிமானம் இல்லாவிட்டால் வாத்தியத்தின் கனம் முழுக்க வலது கட்டைவிரலுக்குப் போகிறது. கழுத்து வார் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "சாக்ஸபோன்காரனாட்டமா?" என்று முறைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பெரியம்மாவின் பழைய புடவைக் கரையில் ஒரு வார் தைத்து மாட்டியிருந்தார்.

அடுக்களையிலிருந்து பெரியம்மா தீர்ப்பு: "காலைல வாசிச்ச ரெண்டாவதுதான் நீங்க வாசிக்கிற மாதிரி இருந்துது. இது வேற யாரோ. ஆனா நல்லா வாசிக்கிறாரு."

நாங்கள் மூணு பேரும் சிரித்தோம். பெரியப்பா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

எம்30தான் வாங்கினோம். பங்குனி உத்திரத்தன்று கோயிலில் நாற்பது நிமிஷம் வாசித்தார், ரெண்டு உதட்டில், புடவைக் கரை வாரோடு. மோகனம் பெரிசாக, கல்யாணி, அப்புறம் துக்கடாக்கள். தோடி மூணே நிமிஷம். காந்தாரம் ஆடியது. ஆனால் பழைய மாதிரி அதில் உட்கார்ந்து விளையாடவில்லை, தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். திரும்பி வரும்போது நான் கேட்காமலே சொன்னார்: "அந்த வெள்ளைக்காரன் அந்த மேல் ஸ்வரத்தை மாத்தி எழுதி வாங்கிக்கிட்டான்ன இல்ல? அது மாதிரி வச்சுக்க."

வயசான வித்வானுக்கு மவுத்பீஸ் வாங்கப் போகிறவர்கள் 'எது சிறந்தது' என்று கேட்டால் பதில் கிடைக்காது என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. மவுத்பீஸ் பாதி, வாய் பாதி. வாய் மாறினால் ஜோடி மாறும், மாறும்போது ஏதோ ஒன்று போகும். எது போனால் பரவாயில்லை என்பதை வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும். நாம் செய்யக்கூடியது, மூணு நாலு துண்டுகளைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பது.

டிஸ்கி 1: பழைய மவுத்பீஸைத் தூக்கிப் போடவில்லை. போடவும் விடாதீர்கள்.

டிஸ்கி 2: பல் போன பிறகும் ஊதிய நாகஸ்வரக்காரர்கள் உங்கள் ஊரில் இருந்திருப்பார்கள். அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பெரியப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.